கவர் லெட்டர் கூட்டத்துல தனியா தெரியணும்னா என்ன தான் எழுதுறது?

புதுவழி:

வணக்கம் எல்லாருக்கும். நான் கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன், சாட், ஈமெயில், போன் மூணுமே பாப்பேன். இதுலயே சில வருஷம் ஓடிருச்சு, இப்ப டிரெயினிங் பக்கம் போகணும்னு ஆசை, அதாவது புதுசா சேர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்குறது, அதுக்கு வேண்டிய மெட்டீரியல் எழுதுறது, அந்த மாதிரி. டிரெயினிங் கோஆர்டினேட்டர் வேணும்னு ஒரு விளம்பரம் பாத்தேன், படிச்ச உடனே இதுக்குப் போட்டே ஆகணும்னு தோணிருச்சு. ரெஸ்யூமே ரெடி. அதோட சேத்து அனுப்புற கவர் லெட்டர்ல வந்து நிக்குது.

எழுத உக்காந்தா மொத வரியே வர மாட்டேங்குது. டெம்ப்ளேட் எதை எடுத்தாலும் ஒரே பேச்சு, "தங்கள் விளம்பரம் கண்டு விண்ணப்பிக்கிறேன், நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்"னு. அத நான் எழுதினாலும் ஒண்ணு தான், வேற யார் எழுதினாலும் ஒண்ணு தான், படிக்கிறவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?

என் கேள்விங்க இது தான். மொதல்ல இத உண்மையிலயே யாராவது படிக்கிறாங்களா? படிக்கிறாங்கன்னா தனியா தெரியிறதுக்கு என்ன பண்ணணும், கலர், டிசைன், போட்டோன்னு போடுறாங்களே அதெல்லாம் உதவுமா, இல்ல எடுத்த எடுப்புல ஏதாவது அதிரடியா எழுதணுமா? அப்புறம் முக்கியமானது, என்னோட பதவிப் பேர்ல டிரெயினிங்னு எங்கயுமே இல்ல. அத நேரா சொல்லிரலாமா, இல்ல அதப் பத்தி பேசாமலே விட்டுரலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

மேசைவிளக்கு:

நான் ஆள் எடுக்குற வேலைல இருக்கேன், அதனால படிக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன்.

படிக்கிறாங்களான்னு கேட்டா, எல்லா எடத்துலயும் இல்ல, எல்லா ரவுண்ட்லயும் இல்ல. மொத சுத்துல பெரும்பாலும் ரெஸ்யூமே தான் பாப்போம், வேலைக்கு அடிப்படையா வேண்டியது இருக்கா இல்லையான்னு. அதுல தேறினவங்க கொஞ்ச பேர் மேசைக்கு வரும்போது தான் லெட்டர தெறப்போம், அப்ப எல்லார் ரெஸ்யூமேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அந்த எடத்துல தான் லெட்டர் வேலை செய்யுது. உங்கள மாதிரி வேற பதவில இருந்து மாறி வர்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன்னா ரெஸ்யூமேல சப்போர்ட்னு பாத்ததும் "இவங்க ஏன் இதுக்குப் போட்டிருக்காங்க"ன்னு ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு ரெஸ்யூமே பதில் சொல்லாது, லெட்டர் தான் சொல்லும். அதனால பேசாம விட்டுறாதீங்க, நேரா சொல்லுங்க. ஆனா மன்னிப்புக் கேக்குற தொனில சொல்லாதீங்க. "எனக்கு டிரெயினிங் அனுபவம் இல்லாவிட்டாலும்"னு ஆரம்பிக்கிற லெட்டர் நிறைய வருது, படிக்கிறவருக்கு மொதல்ல மனசுல பதியிறது அந்த "இல்லாவிட்டாலும்" தான்.

கலர், டிசைன், போட்டோ எதுவும் வேண்டாம். டிசைனர் வேலைக்குப் போட்டா அது வேற, அங்க அதுவும் வேலையோட ஒரு பகுதி. மத்த எல்லாத்துக்கும் சாதாரண எழுத்து, கண்ணுக்கு வலிக்காத அளவு, முக்கால் பக்கம் போதும். 300 வார்த்தைக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா சரி. நிறைய பேர் இப்ப போன்ல தான் தெறந்து பாக்குறாங்க, அதுல பத்தி பெருசா இருந்தா சுவர் மாதிரி நிக்கும், அப்படியே தள்ளிட்டுப் போயிருவாங்க.

பேர் தெரிஞ்சா பேர் போட்டு எழுதுங்க. தெரியலன்னா பதவியப் போட்டு எழுதினா போதும், பேர ஊகிச்சு எழுத வேண்டாம், தப்பான ஆளுக்கு எழுதினா அது தான் தனியா தெரியும்.

ஓரத்துநாற்காலி:

மேசைவிளக்கு சொன்னது எல்லாம் சரி, நான் அதுக்கு முன்னாடி உள்ள விஷயத்த சொல்றேன், ஏன்னா எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாதி வேலை இருக்கு, அத யாரும் செய்யிறதில்ல.

விளம்பரத்த ஒரு தடவை இல்ல, பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கிட்டு படிங்க. ஒரு கம்பெனி ஆள் தேடுதுன்னா அங்க ஏதோ ஒண்ணு வலிக்குதுன்னு அர்த்தம். யாரோ விட்டுட்டுப் போயிருக்கணும், இல்ல வேலை பெருகிப்போயி இருக்குறவங்களால முடியாம இருக்கணும், இல்ல ஒரு புது விஷயம் ஆரம்பிச்சு அதுக்கு தெரிஞ்ச ஆள் உள்ள இல்லாம இருக்கணும். அந்த வலி எதுன்னு விளம்பரத்துலயே மறைஞ்சு கெடக்கும். ஒரே விஷயத்த வேற வேற வார்த்தைல ரெண்டு மூணு எடத்துல சொல்லியிருப்பாங்க, அது தான். பொறுப்புகள்னு போட்ட பட்டியல்ல மொத ரெண்டு வரி தான் உண்மையான வேலை, கடைசில வர்றது பெரும்பாலும் யாரோ பழைய விளம்பரத்துல இருந்து ஒட்டினது. யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு போட்டிருந்தா அதையும் பாருங்க, அந்த ஆளோட கவலை என்னவா இருக்கும்னு யோசிங்க.

அந்த வலியப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு மொத வரிலயே தெரிஞ்சா போதும், லெட்டர் தனியா தெரியும். அதுக்கு மேல ஒரு அதிரடியும் தேவையில்ல.

இதுக்கு ரொம்பப் பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு, எனக்கு மனசுக்குப் பிடிச்சது. லியோனார்டோ டா வின்சி சுமார் 1482ல, அப்ப அவருக்கு வயசு ஏறக்குறைய 30, மிலான ஆண்டுக்கிட்டிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு லெட்டர் எழுதினார், அதோட வரைவு இன்னைக்கும் இருக்கு. ஓவியரா பேர் எடுத்துக்கிட்டிருந்த ஆளு, என்ன எழுதியிருப்பார்னு நெனைக்கிறீங்க? வரிசையா நம்பர் போட்டு, தூக்கிட்டுப் போற லேசான பாலம், கோட்டையச் சுத்தி இருக்குற அகழித் தண்ணிய வடிக்கிற வழி, சத்தம் இல்லாம சுரங்கம் தோண்டுறது, பீரங்கி, மூடின வண்டின்னு போருக்கு வேண்டியதாவே எழுதிட்டுப் போறார். பத்தாவது பாயிண்ட்ல தான் சமாதான காலத்துல கட்டடம் கட்டுவேன், தண்ணி கொண்டு வருவேன்னு சொல்றார். ஓவியமும் சிற்பமும் அதுக்கும் அப்புறம் ஒரு வாக்கியம் தான். ஏன்னா அந்த ஆட்சியாளருக்கு அன்னைக்கு இருந்த கவலை போர், ஓவியம் இல்ல. அதோட நிறுத்தல, லுடோவிகோ தன் அப்பாவுக்காக ஒரு வெண்கலக் குதிரைச் சிலை வைக்க ஆசைப்படுறது தெரிஞ்சு, அதையும் நான் செய்வேன்னு தனியா எழுதியிருக்கார். கடைசில, இதுல எதுவாவது முடியாதுன்னு யாருக்காவது தோணிச்சுன்னா உங்க தோட்டத்துலயோ வேற எங்கயோ செஞ்சு காட்டத் தயார்னு முடிக்கிறார்.

பாருங்க, எல்லாம் அதுலயே இருக்கு. எதிர்ல இருக்குறவருக்கு என்ன வேணுமோ அது மொதல்ல, தனக்குப் பெருமையா இருக்குறது கடைசில, அவருக்கு மட்டுமே எழுதினதுன்னு தெரியிற ஒரு விஷயம், அப்புறம் நம்பலன்னா சோதிச்சுப் பாருங்கன்னு ஒரு வழி. ஒரு விஷயத்துல மட்டும் அவரப் பின்பற்றாதீங்க, அந்தப் பட்டியல்ல இருந்த ஆயுதங்கள்ல பலதும் அவர் அதுக்கு முன்னாடி செஞ்சு பழகினது கெடையாது. நமக்கு அது ஆகாது. செஞ்சத மட்டும் எழுதுங்க.

உங்க விளம்பரத்துல முக்கியமான வரிகள மட்டும் இங்க போடுங்க, கம்பெனி பேர் வேண்டாம். நீங்க செஞ்சதுல அதுக்குப் பக்கத்துல வர்ற ஒரே ஒரு விஷயத்தையும் சொல்லுங்க. பட்டியல் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு.

நீலமை:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். லெட்டர் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது போய்ச் சேரணும், அங்கயே நிறைய பேரோடது அடிபட்டுப் போகுது.

ஆன்லைன் ஃபார்ம்ல போடுற எடத்துல பெரும்பாலும் ஏடிஎஸ்னு சொல்ற, விண்ணப்பங்கள வாங்கி வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கும், அது ஃபைல்ல இருந்து வெறும் எழுத்த மட்டும் பிரிச்சு எடுக்கும். டெக்ஸ்ட் பாக்ஸ், பக்கத்த நெடுக்க ரெண்டாப் பிரிச்ச அமைப்பு, படமாப் போட்ட எழுத்து, ஹெடர் ஃபுட்டர்ல வச்ச போன் நம்பர், இதெல்லாம் சில சாஃப்ட்வேர்ல காணாமப் போகும், இல்ல வரிசை மாறிப்போயிரும். நீங்க பாத்துக்க ஒரு எளிய வழி இருக்கு, உங்க பிடிஎஃப்ப தெறந்து முழுசா செலக்ட் பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க. அங்க வரிசையா, ஒடையாம வந்தா பயம் இல்ல. ஃபார்ம்லயே ஒரு பெட்டி குடுத்து அதுல பேஸ்ட் பண்ணச் சொன்னா, மொதல்ல நோட்பேட்ல போட்டு ஃபார்மேட்டிங் எல்லாம் போன பிறகு அங்க இருந்து எடுத்துப் போடுங்க, இல்லன்னா புள்ளி, கோடு எல்லாம் கண்ட கண்ட குறியா மாறும்.

இன்னொண்ணு, விளம்பரத்துல இருக்குற வார்த்தைகள வெள்ளை கலர்ல கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வைங்க, சாஃப்ட்வேர் மயங்கிரும்னு ஒரு யோசனை சுத்திக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. சாஃப்ட்வேர் எழுத்த மட்டும் பிரிச்சுக் காட்டும்போது கலர் எல்லாம் போயிரும், ஒளிச்சு வச்சது அத்தனையும் படிக்கிறவர் கண்ணு முன்னாடி கருப்பா நிக்கும். அப்புறம் அந்த ஆள எப்படி நம்புவாங்க?

விளம்பரத்துல ஒரு விஷயத்துக்கு என்ன பேர் வச்சிருக்காங்களோ அதே பேர நீங்களும் வாக்கியத்துக்குள்ள இயல்பா போடுங்க, அது போதும். புதுசா சேர்றவங்கள வேலைக்குப் பழக்குறத அவங்க ஆன்போர்டிங்னு சொன்னா நீங்களும் ஆன்போர்டிங்னே சொல்லுங்க.

லெட்டர் கட்டாயமில்லன்னு போட்ட எடத்துல என்னோட கருத்து இது தான், சொல்றதுக்கு உண்மையிலயே ஒண்ணு இருந்தா எழுதுங்க, இல்லன்னா எழுதாம விடுறது மேல். டெம்ப்ளேட்ட ஒட்டி அனுப்பினா நல்ல ரெஸ்யூமேயும் கொஞ்சம் மங்கிப் போகும்.

புதுவழி:

இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி எல்லாருக்கும். அந்த லியோனார்டோ விஷயம் எனக்குத் தெரியாது, படிச்சதும் ஒரு தெளிவு வந்துச்சு.

விளம்பரத்துல இருக்குறது இது: வேகமாக வளரும் அணிக்குப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் தேவை. புதியவர்கள் விரைவில் தனித்து இயங்கும்படி ஆன்போர்டிங் திட்டத்தை வடிவமைக்க வேண்டும். பயிற்சி ஆவணங்களை எழுதிப் புதுப்பிக்க வேண்டும். மூத்த ஊழியர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளைக் கண்டறிய வேண்டும். பல பிரிவுகளோடு இணைந்து பணியாற்ற வேண்டும்.

நான் செஞ்ச விஷயம் சொல்லணும்னா, எங்க டீம்ல புதுசா நிறைய பேர் சேந்தப்போ எல்லாரும் ஒரே கேள்விய சீனியர்கள்ட்ட திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் ஒரு மாசம் அந்தக் கேள்விகள குறிச்சு வச்சு, எது அடிக்கடி வருதுன்னு பாத்து, அதுக்கெல்லாம் உண்மையான சாட்கள உதாரணமா வச்சு ஒரு கையேடு மாதிரி எழுதிக் குடுத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு புது ஆளு தனியா சாட் எடுக்க 6 வாரம் கிட்ட ஆகும், அப்புறம் 4 வாரத்துலயே எடுக்க ஆரம்பிச்சாங்க. யாரும் செய்யச் சொல்லல, நானா தான் செஞ்சேன். இத எல்லாம் எழுதலாமான்னே தெரியல, சின்ன விஷயமா தோணுது.

எழுதி வச்ச வரைவு இது:

"நான் மிகுந்த ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்டவர். வாடிக்கையாளர் சேவையில் பல ஆண்டு அனுபவம் உள்ளது. சிறந்த தகவல் தொடர்புத் திறன் எனக்கு உண்டு. புதிய ஊழியர்களுக்கு உதவியிருக்கிறேன். தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தால் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள அது பேருதவியாக இருக்கும்."

ஓரத்துநாற்காலி:

சின்ன விஷயமா? நீங்க செஞ்சது தான் அந்த வேலையே! விளம்பரத்துல மூணு எடத்துல வேற வேற மாதிரி ஒரே வலியச் சொல்லியிருக்காங்க, புது ஆளுங்க சீக்கிரம் தயாராகணும், சீனியர்களோட நேரம் போகுது, எழுதி வச்ச ஆவணம் பத்தல. நீங்க யாரும் கேக்காமலே அத கவனிச்சு, அளந்து பாத்து, தீர்த்து வச்சிருக்கீங்க. அத "புதிய ஊழியர்களுக்கு உதவியிருக்கிறேன்"னு மூணு வார்த்தைல பொதைச்சு வச்சிருக்கீங்க பாருங்க, அது தான் எனக்குத் தாங்கல.

உங்க வரைவுல ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இத வேற ஒருத்தர் அவங்க லெட்டர்ல அப்படியே போட்டுக்க முடியுமான்னு கேளுங்க. ஆர்வம், அர்ப்பணிப்பு, தகவல் தொடர்புத் திறன், எல்லாம் யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். அப்படிப்பட்ட வாக்கியம் அத்தனையும் வெட்டுங்க. கடைசி வாக்கியம் இன்னும் மோசம், அது முழுக்க உங்களுக்கு என்ன கெடைக்கும்னு தான் பேசுது, அவங்க ஆள் எடுக்குறது உங்க திறமைய வளக்குறதுக்கு இல்லையே.

நான் எழுதினா இப்படி ஆரம்பிப்பேன், உங்க சொல்லுக்கு மாத்திக்கங்க:

"ஓர் அணி வேகமாக வளரும்போது, புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே மூத்தவர்களின் நாள் போய்விடுகிறது. நான் இருக்கும் சப்போர்ட் அணியில் இதைக் கண்டு, புதியவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு மாதம் குறித்து வைத்தேன். அடிக்கடி வந்தவற்றுக்கு உண்மையான சாட் உரையாடல்களை உதாரணமாக வைத்து ஒரு கையேடு எழுதினேன். முன்பு புதியவர் ஒருவர் தனியாக சாட் எடுக்க ஏறக்குறைய 6 வாரம் ஆனது. கையேடு வந்த பின் சேர்ந்தவர்கள் 4 வாரத்தில் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதை யாரும் எனக்கு ஒதுக்கித் தரவில்லை. சப்போர்ட் வேலையோடு சேர்த்துச் செய்தேன். இப்போது இதையே முழுநேர வேலையாகச் செய்ய விரும்புகிறேன், அதனால்தான் விண்ணப்பிக்கிறேன்."

ரெண்டாவது பத்தி பாருங்க, பதவி மாறுறதப் பத்தி நீங்க கேட்ட கேள்விக்கு அங்கயே பதில் வந்துருச்சு. மன்னிப்பும் இல்ல, மறைக்கிறதும் இல்ல.

அடுத்து ஏன் இந்தக் கம்பெனின்னு ரெண்டு மூணு வரி. "புகழ்பெற்ற நிறுவனம்"னு எழுதாதீங்க, அது எல்லாருக்கும் பொருந்தும். அவங்க வெப்சைட்ல உதவிப் பக்கம்னு ஒண்ணு இருக்கும், அத நெஜமாவே உக்காந்து படிங்க. உங்களுக்கு அந்த வேலை தெரியும், அதனால மத்தவங்க கண்ணுக்குப் படாத ஒண்ணு உங்களுக்குப் படும். அத குறை சொல்றதுக்கு இல்ல, கவனிச்சேன்னு சொல்றதுக்கு. ஒண்ணுமே படலன்னா அந்தப் பத்தியவே விட்டுருங்க, பொய்யா புகழ வேண்டாம்.

நீலமை:

நல்லா வந்திருக்கு. அந்த 6 வாரம் 4 வாரம் விஷயத்துல மட்டும் கவனம். இண்டர்வியூல நான் இருந்தா கேக்குற மொத கேள்வியே அது தான், அது கையேட்டால தான் கொறஞ்சுதுன்னு எப்படித் தெரியும், ரெண்டாவது பேட்ச்ல வந்தவங்க ஏற்கனவே அனுபவம் உள்ளவங்களா இருந்திருக்கலாமேன்னு. அதனால ஓரத்துநாற்காலி எழுதின மாதிரி "கையேடு வந்த பின்"னே வைங்க, "கையேட்டால்"னு மாத்திராதீங்க. அது உண்மை, யார் கேட்டாலும் நிக்கும். எப்படி அளந்தீங்க, எத்தனை பேர வச்சு சொல்றீங்கன்னு தனியா குறிச்சு வச்சுக்கங்க, கேட்டா உடனே சொல்லலாம்.

அதே மாதிரி கம்பெனிக்குள்ள இருக்குற நம்பர் எல்லாத்தையும் வெளிய எழுதக் கூடாது. வாரக் கணக்கு பரவாயில்ல, ஆனா வருமானம், வாடிக்கையாளர் பேர், புகார் எண்ணிக்கை மாதிரி விஷயத்த தொடாதீங்க. வெளிய சொல்ல முடியாத நம்பரா இருந்தா "பாதியாகக் குறைந்தது" மாதிரி ஒப்பிட்டுச் சொல்லலாம். எல்லா வேலைக்கும் நம்பர் இருக்கணும்னும் இல்ல, நம்பர் இல்லாதவங்க முன்னாடி எப்படி இருந்துச்சு, அப்புறம் எப்படி ஆச்சுன்னு ரெண்டு நெலமையச் சொன்னாலே போதும்.

மேசைவிளக்கு:

ஒரு யோசனை சேக்குறேன். லியோனார்டோ செஞ்சு காட்டுறேன்னு சொன்ன மாதிரி நீங்களும் ஒண்ணு வைக்கலாம், ரெண்டு பக்கத்துக்கு ஒரு மாதிரி டிரெயினிங் ஆவணம். ஆனா நீங்க எழுதின அந்தக் கையேட்டையே அனுப்பாதீங்க, அது இப்ப நீங்க இருக்குற கம்பெனியோட சொத்து, உள்ள வாடிக்கையாளரோட பேச்சு வேற இருக்கு. அத வெளிய குடுக்குற ஆளு நாளைக்கு எங்களோடதையும் குடுப்பாங்கன்னு தான் எங்களுக்குத் தோணும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்த எடுத்துக்கங்க, பாஸ்வேர்ட் மறந்த வாடிக்கையாளர்ட்ட எப்படிப் பேசுறதுன்னு வச்சுக்கங்க, அதுக்குப் புதுசா எழுதுங்க. லெட்டரோட கடைசில "புதியவர் ஒருவருக்கான இரண்டு பக்க மாதிரிப் பாடத்தை இணைத்திருக்கிறேன்"னு ஒரு வரி. ஃபார்ம்ல கூடுதல் ஃபைல் போட எடம் இல்லன்னா "கேட்டால் அனுப்புகிறேன்"னு மாத்திக்கங்க.

சம்பளம் கேக்காத எடத்துல நீங்களா எழுதாதீங்க. இப்ப இருக்குற மேனேஜரப் பத்தி ஒரு வார்த்தை கூட வேண்டாம்.

மூணாம்மாடி:

நான் இடையில வந்து ஒரு சந்தேகம் கேக்கலாமா? எனக்கு வேலைக்கு நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, வீட்ல ஒருத்தர பாத்துக்க வேண்டி வந்துச்சு. அத லெட்டர்ல எழுதணுமா? அப்புறம் இப்ப எல்லாரும் ஏஐல குடுத்து எழுதி வாங்குறாங்களே, அது தெரிஞ்சிருமா?

மேசைவிளக்கு:

இடைவெளிக்கு ஒரு வரி போதும், "குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள இடைவெளி எடுத்தேன், இப்போது முழுநேரம் பணியாற்றத் தயாராக இருக்கிறேன்"னு. யாருக்கு என்ன நோய், எப்படி இருந்தாங்கன்னு விவரம் சொல்ல வேண்டியதில்ல, அது உங்க வீட்டு விஷயம், கேக்குற உரிமை எங்களுக்கு இல்ல. அந்த வரிய லெட்டரோட பின்பாதில வைங்க. மொதல்ல வேலையப் பத்திப் பேசுங்க.

ஓரத்துநாற்காலி:

ஏஐ பத்தி நான் சொல்றேன். தெரிஞ்சிருமான்னு கேட்டா, எந்த லெட்டர் ஏஐ எழுதினதுன்னு ஒத்த லெட்டர வச்சு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா அடுக்கா வச்சுப் படிக்கும்போது ஒண்ணு தெரியும், ஒரே விளம்பரத்த ஒரே மாதிரி கருவில எல்லாரும் போட்டா, வர்றதும் ஒரே மாதிரி தான் வரும், "மிகுந்த உற்சாகத்துடன் விண்ணப்பிக்கிறேன்"னு தொடங்கி அரைச்ச மாவையே அரைச்சிருக்கும். தனியா தெரியணும்னு தான எழுதுறோம், அதுக்கு நேர் எதிரா போயிருது. புதுவழியோட கையேட்டுக் கதை எந்தக் கருவிக்கும் தெரியாது, அவங்க சொன்னா தான் உண்டு.

அதுக்காக தொடவே கூடாதுன்னு சொல்லல. நீங்களே மொதல்ல எழுதுங்க, யார்ட்டயாவது பேசுற மாதிரி போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணிக்கூட எழுதலாம், நிறைய பேருக்கு எழுத்த விட பேச்சுல விஷயம் நல்லா வரும். அப்புறம் எழுத்துப் பிழை பாக்க, "இதப் படிச்சா உனக்கு என்ன கேள்வி வரும்"னு கேட்டுப் பாக்க, எங்க நீளமா இருக்குன்னு பாக்க கருவிய வச்சுக்கங்க. அது திருப்பிக் குடுக்குறதுல நீங்க வாயால சொல்ல மாட்டாத வார்த்தை இருந்தா எடுத்துருங்க. இண்டர்வியூல அதே ஆளு தான் போய் உக்காரணும், லெட்டர்ல ஒருத்தர், நேர்ல வேற ஒருத்தர்னு தெரிஞ்சா அங்க சங்கடம் ஆயிரும்.

புதுவழி:

உதவிப் பக்கம் படிச்சுப் பாக்கச் சொன்னீங்களே, படிச்சேன். அவங்க ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு வாடிக்கையாளர் கேக்குற மாதிரியே கேள்வியா வச்சிருக்காங்க, "என் ஆர்டர் ஏன் பாதில நிக்குது"ன்னு. நானும் கையேட்டுல அப்படியே தான் வச்சிருந்தேன், ஏன்னா புது ஆளுங்க தேடும்போது அந்த வார்த்தைல தான் தேடுவாங்க. அத மூணாவது பத்தியா இப்படி எழுதியிருக்கேன்:

"உங்கள் உதவிப் பக்கங்களில் ஒவ்வொரு தலைப்பும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியாகவே இருப்பதைக் கவனித்தேன். நானும் கையேட்டை அப்படித்தான் அமைத்தேன், சாட் நடுவில் பதில் தேடும் புதியவருக்கு அந்தச் சொற்கள்தான் கையில் இருக்கும். உங்கள் பயிற்சி ஆவணங்களையும் இதே முறையில் எழுத விரும்புகிறேன்."

சரியா இருக்கா? கடைசியா சின்னச் சின்ன சந்தேகம். ஈமெயில்ல அனுப்பினா லெட்டர மெயில்லயே எழுதணுமா, இல்ல அட்டாச் பண்ணணுமா? ஃபைலுக்கு என்ன பேர் வைக்கிறது? அனுப்பின பிறகு பதில் வரலன்னா கேக்கலாமா?

ஓரத்துநாற்காலி:

சரியா இருக்காவா, அருமையா இருக்கு. இந்தப் பத்திய வேற யாராலயும் எழுத முடியாது. "விரும்புகிறேன்"னு ரெண்டு எடத்துல வருது, ஒண்ண மாத்துங்க, அவ்வளவு தான். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்க, மூச்சு வாங்குற எடத்துல வாக்கியத்த ஒடைங்க.

நீலமை:

விளம்பரத்துல எப்படிக் கேட்டிருக்காங்களோ அப்படி. ஒண்ணும் சொல்லலன்னா லெட்டர மெயில்லயே எழுதிருங்க, ஒரு கிளிக் மிச்சம். அட்டாச் பண்ணச் சொன்னா மெயில்ல ரெண்டு வரி மட்டும், எந்த வேலைக்கு, என்னென்ன இணைச்சிருக்கேன்னு. ஒரே லெட்டர ரெண்டு எடத்துலயும் போடாதீங்க.

ஃபைல் பேர்ல உங்க பேரும் வேலையோட பேரும் இருக்கட்டும், "புதுசு ஃபைனல் 2"ன்னு எல்லாம் இருக்கக் கூடாது, டவுன்லோட் பண்ணினா அங்க ஆயிரம் ஃபைலோட கலந்துரும். இன்னொண்ணு பலரும் பாக்குறதில்ல, பிடிஎஃப்புக்கு ஃபைல் பேர் தவிர உள்ள டைட்டில்னு தனியா ஒண்ணு இருக்கும். பிரவுசர்ல தெறந்தா மேல டேப்ல அது தான் தெரியும். பழைய லெட்டர எடுத்து மாத்தி எழுதினீங்கன்னா அதுல வேற கம்பெனி பேர் அப்படியே நிக்கலாம். வேர்டுல ஃபைல், இன்ஃபோ போயி டைட்டில மாத்திட்டு அப்புறம் பிடிஎஃப் எடுங்க. எடுத்த பிறகு பிரவுசர்ல ஒரு தடவை தெறந்து டேப்பப் பாத்துருங்க.

மேசைவிளக்கு:

பதில் வரலன்னா கேக்கலாம், தப்பே இல்ல. கடைசி தேதி போட்டிருந்தா அது முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, தேதி போடலன்னா நீங்க அனுப்பி ரெண்டு வாரம் வரைக்கும் விட்டு, ஒரே ஒரு மெயில். பழைய மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க, அப்ப தான் உங்க லெட்டரும் கீழயே இருக்கும், தேட வேண்டியதில்ல. "எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், மேலும் ஏதாவது வேண்டுமானால் அனுப்புகிறேன்"னு ரெண்டு வரி. அதுக்கும் பதில் இல்லன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. பல எடத்துல முடிவு எடுத்தும் சொல்லாம இருக்காங்க, அது உங்க லெட்டரோட தப்பு இல்ல.

அடுத்த கம்பெனிக்கு எழுதும்போது அந்தக் கையேட்டுப் பத்தி பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். மொத வாக்கியமும் மூணாவது பத்தியும் மட்டும் ஒவ்வொரு எடத்துக்கும் புதுசா எழுதுங்க, அதுக்கு அந்தக் கம்பெனியோட விளம்பரத்தையும் வெப்சைட்டையும் படிக்கிற நேரம் தான் ஆகும்.